பல் நாற்காலியில் குழந்தை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளுக்குப் பல் பார்ப்பது என் தொழில். கீழே உள்ள கேள்விகளைப் பெற்றோர் பெரும்பாலும் கதவருகே நின்று, குழந்தைக்குக் கேட்காத குரலில் கேட்பார்கள். குழந்தைக்கு அது கேட்டுவிடும் என்பது வேறு விஷயம். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

டாக்டர் இன்னும் வாயைத் தொடவே இல்லை. அதற்குள் ஏன் இப்படி அலறுகிறான்?

ஒரு முறை நீங்களே அந்த நாற்காலியில் படுத்துப் பாருங்கள். கால் தரையில் படாது. முகத்துக்கு நேரே விளக்கு. குனிந்து பார்ப்பவருக்கு மூக்கும் வாயும் முகக்கவசத்துக்குள். அவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பக்கத்து அறையில் ஏதோ கீச்சென்று சுழல்கிறது. வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருப்பதால் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூட முடியாது. பெரியவர்களுக்கே வயிற்றைப் பிசையும் இடம் அது. பல்வலியால் இரண்டு இரவுகள் தூங்காத குழந்தைக்கு எப்படி இருக்கும்?

இதைப் பெற்றோர் ‘அடம்’ என்கிறார்கள். அடம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நான் பார்த்தவரை அதன் பங்கு குறைவு. அடம் பிடிக்கிற பிள்ளை என் கண்ணைப் பார்த்து ‘மாட்டேன்’ என்று சொல்லும். பயந்த பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இந்த இரண்டிலும் சேராத ஒரு வகை உண்டு. சத்தமே போடாது. சொன்னபடி வாயைத் திறக்கும். ஆனால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருக்கும், கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போகும். ‘சமர்த்து, அழவே இல்லை’ என்று எல்லோரும் பாராட்டி அனுப்புவோம். அடுத்த முறை வாசலிலேயே வாந்தி எடுக்கிற பிள்ளை அதுவாகத்தான் இருக்கும். அழுகிற பிள்ளைக்காக நான் கவலைப்படுவது குறைவு.

முதல் முறை எப்போது அழைத்துவர வேண்டும்?

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள். ‘ஒரு வயதுப் பிள்ளையின் வாயில் பார்க்க என்ன இருக்கிறது’ என்று சிரிக்காதீர்கள். பெற்றோரும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் படும்படி எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தை உங்கள் மடியில் உங்களைப் பார்த்தபடி படுத்திருக்கும், தலை மட்டும் மருத்துவர் மடியில் இருக்கும். ஒன்றிரண்டு நிமிட வேலை. அதற்குள் அழுதாலும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அழும்.

வலி வந்த பிறகு முதல் முறையாக அழைத்துவருவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அந்த இடமும் வலியும் குழந்தையின் மனத்தில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிப்பது பெரும்பாடு.

பால் பல்தானே, விழத்தானே போகிறது? பயமுறுத்திச் சிகிச்சை செய்ய வேண்டுமா?

முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். ஆனால் கடைசிப் பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியது. நான்கு வயதில் அது சொத்தையானால் காத்திருக்க வேண்டிய காலத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீழ் பிடித்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கலாம்.

வீட்டில் என்ன சொல்லி அழைத்துவருவது?

கொஞ்சமாகச் சொல்லுங்கள். ‘நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். உன் பற்களை எண்ணுவார், படம் எடுப்பார்’ என்ற அளவு போதும். பெரிய முன்னுரை வைத்தால் குழந்தை உஷாராகிவிடும். சினிமாவுக்கு அழைத்துப்போவதாகச் சொல்லி இங்கே இறக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அடுத்த ஒரு மாதத்துக்கு எங்கே கூப்பிட்டாலும் நம்பாது.

‘பயப்படாதே’ என்ற சொல்லையும் தவிர்க்கலாம். பயப்பட ஒன்று இருக்கிறது என்ற செய்தி அதற்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் தன் வீரக்கதையை விவரிப்பது, பாட்டி ‘அந்தக் காலத்தில் மயக்க மருந்தே கிடையாது’ என்று ஆரம்பிப்பது இவற்றையும் அன்றைக்கு மட்டும் தடுத்துவையுங்கள். இன்னொன்று, இதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். சாப்பிட மறுத்தால் ‘டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்’ என்று மிரட்டும் வழக்கம். ஒரு வருடம் தினமும் என்னைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, ஒரே நாளில் நண்பனாக்கச் சொல்கிறார்கள்.

‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லலாமா?

கூடாது. வலித்துவிட்டால் நீங்களும் பொய்யர், நானும் பொய்யர். குழந்தை ‘வலிக்குமா?’ என்று கேட்டால், ‘எனக்குச் சரியாகத் தெரியவில்லை, டாக்டரிடமே கேட்போம். நான் பக்கத்தில் இருப்பேன்’ என்று சொல்லுங்கள். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த நேரத்துக்கு வரலாம்?

காலையில், தூங்கி எழுந்து வயிறு நிறைந்த பிறகு. மதியத் தூக்க நேரத்தில் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால் மட்டும் உணவுக்குத் தனிக் கணக்கு உண்டு, அது கீழே வருகிறது.

அரை மணி நேரம் கண்ணாடியைக் காட்டி விளையாடிவிட்டு ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள். நேரம்தானே வீண்?

அந்த அரை மணி நேரம்தான் சிகிச்சை. ‘சொல், காட்டு, செய்’ என்று இந்த முறைக்குப் பெயர். ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959-இல் இதை முறைப்படுத்தி எழுதினார். இன்றும் குழந்தைப் பல் மருத்துவத்தில் இதற்குத்தான் முதலிடம்.

நடப்பதைச் சொல்கிறேன். பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் சின்ன பிரஷ் இருக்கிறது. ‘இது சுற்றுகிற பிரஷ். உன் பல்லைக் கூச்சம் காட்டும்’ என்பேன். இது சொல்வது. பிறகு என் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுற்றவிடுவேன், அடுத்தது குழந்தையின் நகத்தில். பெரும்பாலும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, பிறகு தானே நீட்டும். அந்த இரண்டாவது நீட்டலுக்காகத்தான் காத்திருக்கிறேன். அதன் பிறகே பல்லில் வைப்பது, அதுவும் சொன்ன அதே வேகத்தில், சொன்ன அதே சத்தத்தில். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்றானால் எல்லாம் போயிற்று.

காற்றும் தண்ணீரும் பீய்ச்சும் குழாயை உள்ளங்கையில் அடித்துக் காட்டுவேன். எச்சிலை உறிஞ்சும் குழாய் தாகமெடுத்த யானை. பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பு பல்லுக்கு மழைக்கோட்டு. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும்தான். ஆனால் அடுத்த வருகைகளில் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும்.

ஒரு சைகையையும் ஏற்பாடு செய்துகொள்வேன். ‘இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்.’ முதல் மூன்று முறை காரணமே இல்லாமல் கை தூக்குவார்கள். என்னைச் சோதிக்கிறார்கள். மூன்று முறையும் நான் நிறுத்தியாக வேண்டும். நான்காவது முறை பெரும்பாலும் தூக்குவதில்லை.

ஊசி போடும்போது என்னதான் செய்வீர்கள்?

ஈறைத் துடைத்துக் காயவைத்து, மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவிவிட்டு, ஒன்றிரண்டு நிமிடம் சும்மா இருப்போம். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரத்தில் தடவினால் ஜெல் எச்சிலோடு போய்விடும். தடவியதும் குத்தினால் தடவியே பயனில்லை. உதவியாளர் ஊசியைக் குழந்தையின் கண்ணுக்கு எட்டாமல் தாடைக்குக் கீழே என் கையில் கொடுப்பார். கன்னத்தைப் பிடித்து மெல்ல ஆட்டியபடியே போடுவேன். மருந்தை நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மேல் செலுத்துவதில்லை. குத்துவதைவிட, மருந்தை வேகமாக அழுத்துவதுதான் அதிகம் வலிக்கும். அந்த நேரத்தில் ‘வலது கால் கட்டைவிரலை ஆட்டு, இப்போது இடது கால்’ என்று வேலை கொடுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு காலையும் நினைவில் வைத்துக்கொள்கிற மனத்துக்குக் கன்னத்தைப் பற்றி யோசிக்க இடம் குறைவு.

பொய் சொல்வதில்லை. ‘கிள்ளினாற்போல் இருக்கும், பத்து எண்ணுவதற்குள் போய்விடும்’ என்பேன். ‘ஊசியா?’ என்று நேராகக் கேட்கிற பிள்ளைக்கு ‘ஆமாம், பல்லைத் தூங்கவைக்கும் மருந்து அதன் வழியாகத்தான் போகும்’ என்பதே பதில். பல் பிடுங்கும் நாளில் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பல் மரத்த பிறகும் அழுத்தம் தெரியும். தோளில் கை வைத்து நன்றாக அமுக்கி, ‘இந்த மாதிரி இருக்கும், இது வலி இல்லையே?’ என்று கேட்டுவைப்பேன். இதைச் சொல்லாமல் விட்டால் குழந்தை அந்த அழுத்தத்தையே வலி என்று எடுத்துக்கொண்டு அலறும். அப்படி அலறினால் குற்றம் என்னுடையது. உண்மையிலேயே வலி இருக்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டியதும் என் பொறுப்பு. மரக்காத பல்லில் வேலை செய்துகொண்டு ‘நடிக்கிறான்’ என்று சொல்வதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

நான் உள்ளே இருக்கலாமா?

மூன்று வயதுக்குக் கீழே என்றால் இருக்கத்தான் வேண்டும். அதற்கு மேல் குழந்தையைப் பொறுத்தது, உங்களையும் பொறுத்தது. நீங்கள் இருப்பதால் தைரியம் கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. நீங்கள் பார்ப்பதாலேயே அழுகையைக் கூட்டும் பிள்ளைகளும் உண்டு.

உள்ளே இருந்தால் ஒரே ஒரு நிபந்தனை, பேச்சு ஒருவர்தான். ஒரு பக்கம் அம்மா ‘வாயை நன்றாகத் திற’ என்கிறார், அப்பா ‘இதோ முடிந்துவிட்டது’ என்கிறார், முடியவில்லை, நான் மூன்றாவதாக ஏதோ சொல்கிறேன். குழந்தை யார் பேச்சைக் கேட்கும்? காலடியில் உட்கார்ந்து பாதத்தில் கை வைத்திருங்கள். உங்கள் முகம் சாதாரணமாக இருந்தால் அதுவே பெரிய உதவி.

எனக்கே பல் டாக்டர் என்றால் பயம். மறைக்க முடியவில்லை.

அப்படியானால் வீட்டில் பயமில்லாத ஒருவரை அனுப்புங்கள். பெற்றோரின் பயம் பிள்ளைக்குத் தொற்றும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்கூட்டியே சொன்னால் நாங்களும் அதற்கேற்ப ஏற்பாடு செய்வோம். இன்னொரு வழி, ஒழுங்காக உட்காரும் ஒரு குழந்தைக்குச் சிகிச்சை நடக்கும்போது உங்கள் பிள்ளையை ஓரமாக உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வது. தன் வயதுப் பிள்ளை ஒன்று சிரித்தபடி இறங்கிப் போவதைப் பார்த்த பிள்ளையிடம் அதற்குமேல் நான் பேச வேண்டியது அதிகம் இருக்காது.

கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துச் செய்தார்கள். அது சரியா?

எதற்காக, எவ்வளவு நேரம், உங்களிடம் கேட்டார்களா என்பதைப் பொறுத்தது. கூரிய கருவி வாயில் இருக்கும்போது பிள்ளை திடீரெனக் கையை வீசினால் உதவியாளர் அந்தக் கையைப் பிடிக்கத்தான் வேண்டும். அது பாதுகாப்பு. அடிபட்டு ரத்தம் வரும் நேரம், சீழ் கட்டி முகம் வீங்கிய நேரம் போன்றவற்றில் வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆனால் அவசரமில்லாத ஒரு சொத்தைக்காக இருபது நிமிடம் நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள் என்றால் நான் ஏற்கமாட்டேன். பிடித்துக்கொள்வது சிகிச்சையின் பகுதி என்றால் முன்பே விளக்கி, உங்கள் எழுத்து மூலமான சம்மதத்தை வாங்கியிருக்க வேண்டும். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை எப்போதும் உங்களுக்கு உண்டு.

ஒரு காலத்தில் கத்துகிற குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் முறையைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006-இல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. யாராவது இன்னும் அப்படிச் செய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

துளை போடாமல், ஊசி போடாமல் வழியே இல்லையா?

எல்லாச் சொத்தைக்கும் இல்லை, பல சொத்தைகளுக்கு உண்டு. சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவினால் அது பரவுவதை நிறுத்தலாம். வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஊசி கிடையாது. ஆனால் சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். முன்பல்லுக்கு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், சிலர் ‘விழப்போகிற பல்தானே’ என்பார்கள். முடிவு உங்களுடையது.

கடைவாய்ப் பல்லுக்கு ஹால் முறை இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்ற பல் மருத்துவரின் பெயரில் வழங்குவது. சொத்தையைச் சுரண்டாமல், எஃகு மூடி ஒன்றைப் பல்லின்மேல் பசை வைத்து அழுத்தி மாட்டிவிடுவார்கள். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்கு உணவு கிடைக்காமல் சொத்தை அப்படியே நின்றுவிடும். முதல் சில நாட்கள் கடிக்கும்போது ஒரு பக்கம் உயரமாகத் தெரியும். பிறகு தானாகச் சரியாகும். சீழோ, இரவில் எழுப்பும் வலியோ வந்துவிட்ட பல்லுக்கு இந்த இரண்டும் உதவாது.

‘சிரிப்பு வாயு’ பாதுகாப்பானதா?

நைட்ரஸ் ஆக்ஸைடு. 1844-இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அதை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கவைத்துப் பார்த்தார், பல் மருத்துவத்தில் அதன் கதை அங்கே தொடங்குகிறது. இன்று ஆக்சிஜனோடு கலந்து, மூக்குக் கவசத்தின் வழியாகக் கொடுக்கிறார்கள். பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை. பிள்ளை தூங்காது, பேசினால் பதில் சொல்லும், உடம்பு லேசானாற்போல் இருக்கும். சில நிமிடங்களில் வேலை செய்யும். முடிவில் சுமார் ஐந்து நிமிடம் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் தெளிந்துவிடும்.

குறை என்னவென்றால் மூக்கால் மூச்சு விட வேண்டும். சளி அடைத்த பிள்ளைக்குப் பயன்படாது. கவசத்தையே தட்டிவிட்டு வாயால் அலறுகிற பிள்ளைக்கும்தான். நடுத்தரமான பயத்துக்கு நல்ல கருவி, பெரும் பீதிக்கு மருந்து அல்ல. இது ஊசிக்கும் மாற்று இல்லை. பல்லை மரக்கச் செய்வது தனி வேலை.

முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறார்களே?

பத்துப் பல் சொத்தை, வயது மூன்று, எந்த வழியிலும் ஒத்துழைக்க முடியவில்லை என்றால் அதுதான் கருணையான வழி. அறுவை அரங்கும், பல் வேலையைக் கவனிக்காமல் குழந்தையின் மூச்சை மட்டுமே கவனிக்கும் மயக்க மருந்து நிபுணரும் இருந்தாக வேண்டும். அதில் பேரம் கிடையாது. திட உணவை 6 மணி நேரம் முன்பும், தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ‘பாவம், அழுதான், அதனால் கொஞ்சம் கொடுத்தேன்’ என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போவது உயிருக்கு ஆபத்து. சளி, காய்ச்சல் இருந்தாலும் சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

ஒரே ஒரு வருத்தம், மயங்கிய பிள்ளை நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொள்வதில்லை. பிறகு வெறும் பரிசோதனைக்காக இரண்டு மூன்று முறை அழைத்துவந்து அதைத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

என் மகளுக்கு ஆட்டிசம். முயல்வதில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அவளுடைய வேகத்தில். அவளைப் பற்றி உங்களுக்குத்தான் எங்களைவிட அதிகம் தெரியும். எந்தச் சத்தம் ஆகாது, எந்தத் தொடுதல் ஆகாது, எதைக் கையில் வைத்திருந்தால் அமைதியாவாள் என்று முன்பே எழுதிக் கொடுங்கள். மருத்துவமனையின் வாசல், நாற்காலி, விளக்கு ஆகியவற்றின் படங்களை வரிசையாக வைத்து வீட்டில் காட்டலாம். ஒரே அறை, ஒரே ஆள், ஒரே வரிசை. முதல் நாள் நாற்காலியைத் தொட்டுவிட்டுப் போனால் போதும். கூச்சமெடுக்கும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காதுக்கு ஹெட்ஃபோன். நான்கைந்து வருகைக்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள் என்றால் அது தோல்வி இல்லை.

அழாமல் இருந்தால் பொம்மை வாங்கித் தருகிறேன் என்று சொல்லலாமா?

முன்பே சொன்னால் லஞ்சம், ‘அவ்வளவு பெரிய பொம்மை என்றால் அவ்வளவு பெரிய வேதனை போலிருக்கிறது’ என்று பிள்ளை யோசிக்கும். அழுதுகொண்டே இரண்டு பல்லுக்குச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைக்கு அந்தப் பேரத்தில் ஒன்றுமே கிடைக்காது, அதுதான் பெரிய அநியாயம். முடிந்த பிறகு கொடுங்கள், காரணத்தோடு. ‘நல்ல பிள்ளை’ என்பதில் காரணம் இல்லை. ‘சத்தம் வந்தபோதும் வாயைத் திறந்தே வைத்திருந்தாயே’ என்பதில் இருக்கிறது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் என்ன பேசுவது?

இதை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். பயந்த குழந்தையின் நினைவில் வலி பிறகு பெருகும். அடுத்த முறை அது கொண்டுவரப்போவது அந்த நினைவைத்தான். ஆகவே ‘ரொம்ப வலித்ததா கண்ணே?’ என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். இறங்கும்போது சிரித்த முகத்தைப் படமெடுத்து வையுங்கள். அன்று இரவு, கை தூக்கி நிறுத்தச் சொன்னது, யானை தண்ணீர் குடித்தது எல்லாவற்றையும் தாத்தாவுக்கு அவனே சொல்லட்டும். அழுததையும் மறைக்க வேண்டாம். ‘முதலில் அழுதேன், அப்புறம் எண்ணினேன்’ என்று சொல்லிப் பழகுகிற பிள்ளை அடுத்த முறை எண்ணுவதிலிருந்தே தொடங்கும்.

மறுநாள் உதட்டில் வெள்ளையாக வீங்கியிருக்கிறது. ஊசியால் சீழ் வைத்துவிட்டதா?

பெரும்பாலும் கடித்துக்கொண்டிருப்பான். மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும், கீழ்த்தாடையில் சில சமயம் அதற்கு மேலும். உணர்வில்லாத உதடு குழந்தைக்கு ஒரு புதுப் பொருள், மென்று பார்க்கும். அதனால்தான் மரப்பு தெளியும் வரை சாப்பிடக் கொடுக்க வேண்டாம், கண்ணை எடுக்க வேண்டாம் என்று சொல்கிறோம். அந்த வெள்ளைப் படலம் புண்ணின் மேல்தோல். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும், ஆண்டிபயாடிக் தேவையில்லை. காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் கன்னத்துக்குப் பரவினாலோ அன்றைக்கே அழைத்துவாருங்கள்.